உரோமையில் அக்காளும் தங்கையும்

உடன்பிறந்த பெண்கள் இருவர் ஒன்றாக வெளியூர் செல்வதை வாசகர்கள் கவனித்திருக்கலாம். தாயோடு செல்லும் பெண்ணிடம் ஓர் அடக்கம் இருக்கும். பிள்ளைகளோடு செல்லும் பெண்ணிடம் ஒரு கவலை இருக்கும். அக்காளும் தங்கையுமாகச் செல்பவர்களிடம் இவ்விரண்டும் அவ்வளவாக இருப்பதில்லை. ஒருத்தி பார்த்ததை மற்றவளுக்குச் சொல்ல வாய் திறக்க வேண்டியதில்லை. ஒரு கண்சாடை போதும். வழிகாட்டி தூணைக் காட்டினால் இவர்கள் தூணுக்குப் பின்னால் இருப்பதைப் பார்ப்பர். போகாதே என்ற இடத்திற்கு முதலில் போகிறவர்களும் இவர்களே. தனித்தனியே இருக்கையில் ஆட்டுக்குட்டிகளைப் போன்ற பெண்கள், இருவராகச் சேர்ந்ததும் எவ்வாறு இத்துணை துணிவு பெறுகின்றனர் என்பது பல திருப்பயணக் கூட்டங்களை அழைத்துச் சென்ற நமக்கு இன்றுவரை விளங்காத புதிராகும்.

அத்தகைய சகோதரிகள் இருவர் 1887-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் உரோமை மாநகரில் பட்ட இடர்களையும் துய்த்த இன்பங்களையும் இங்கே எழுத விரும்புகிறோம். அவர்களுள் இளையவளை நம் வாசகர் அனைவரும் அறிவர். அவளது திருவுருவம் ரோசா மலர்களை ஏந்தியவாறு நம் ஆலயங்கள் பலவற்றில் நிற்கிறது. சிறுமலர் தெரேசாவே அவள். மூத்தவள் செலின். ஆனால் அந்த நவம்பர் மாதத்தில் இளையவள் புனிதையும் அல்லள், துறவியும் அல்லள். பதினைந்து வயது நிரம்ப இன்னும் சில வாரங்கள் இருந்த, கூந்தலை முதுகில் தொங்கவிட்டிருந்த ஒரு பிரெஞ்சுச் சிறுமி. செலினுக்கு அப்போது பதினெட்டு வயது. பீடத்தின்மேல் அவளைக் கண்டு பழகிய நமக்கு, சுவர் இடிபாட்டின்மேல் ஏறி இறங்கும் சிறுமியாக அவளை எண்ணிப் பார்ப்பது சற்றுக் கடினமே. எனினும் அவள் தானே எழுதி வைத்த தன்வரலாற்றில் இவையெல்லாம் மறைவின்றிக் கூறப்பட்டுள்ளன.

பயணத்தின் காரணத்தை முதலில் சொல்ல வேண்டும். பிரான்ஸ் நாட்டின் லிசியே நகரில் வாழ்ந்த லூயிஸ் மார்ட்டின் என்பவருக்கு ஐந்து பெண்கள். 1877-இல் தாய் இறந்தபோது தெரேசாவுக்கு நாலரை வயது. அடக்கத்தன்று சிறுமியர் இருவரும் தங்களுக்கு இனித் தாய் யார் என்று தேடினர். செலின் மூத்த அக்காள் மரியின் கைகளுக்குள் ஓடினாள். தெரேசா இரண்டாவது அக்காள் பவுலினின் மார்பில் சாய்ந்தாள். 1882-இல் பவுலின் கார்மேல் மடத்தில் நுழைந்தார்; 1886-இல் மரியும் அங்கேயே சென்றார். 1887-இன் கோடையில் லெயோனியும் கான் நகரின் மடம் ஒன்றுக்குச் சென்றுவிட்டார். வீட்டில் எஞ்சியவர்கள் முதிய தந்தையும், செலினும், தெரேசாவும் மட்டுமே.

அந்நிலையில் தெரேசாவும் கார்மேலுக்குப் போக விரும்பினாள். அதுவும் பதினைந்து வயதிலேயே. தந்தை கண்ணீரோடு இசைந்தார். ஆனால் மடத்தின் மேற்பார்வைக் குருவோ இருபத்தொரு வயது நிரம்பட்டும் என்றார். அக்டோபர் 31-ஆம் நாள் தந்தையும் மகளும் பாயே மறைமாவட்ட ஆயரைக் கண்டு விண்ணப்பித்தனர். வயது மிகுந்தவளாகத் தோன்ற வேண்டுமென்று அன்று அவள் முதன்முறையாகக் கூந்தலை உயர்த்திக் கொண்டையிட்டிருந்தாள். கொண்டையால் பயன் விளையவில்லை. ஆராய்ந்து சொல்வதாக ஆயர் கூறினார். எஞ்சிய வழி ஒன்றே: உரோமைக்குச் சென்று திருத்தந்தையிடமே கேட்பது.

அவ்வாண்டு திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் குருப்பட்டம் பெற்று ஐம்பது ஆண்டுகள் நிறைவுறும் பொன்விழா நெருங்கியது. அதை முன்னிட்டு நார்மண்டிப் பகுதியின் மறைமாவட்டங்களிலிருந்து ஒரு திருப்பயணம் ஏற்பாடாகியிருந்தது. ஏறத்தாழ இருநூறு பேர். அவர்களில் எழுபத்தைந்து பேர் குருக்கள். மற்றவர்களில் பலர் பட்டமும் பணமும் படைத்த பெருங்குடியினர். பளிங்கும் பட்டும் நிறைந்த விடுதிகளில் தங்குதல், கூட்டம் கூட்டமாகக் குதிரை வண்டிகளில் ஊர் பார்த்தல் என்று ஒரு மாதப் பயணம். நவம்பர் 4-ஆம் நாள் லிசியேயில் புறப்பட்டு, பாரிஸ், சுவிட்சர்லாந்து, மிலான், வெனிஸ், பதுவை, பொலோஞ்ஞா, லொரேத்தோ வழியாக உரோமை. குருக்கள் எழுபத்தைந்து பேரோடு ஒரு மாதம் கூடவே பயணம் செய்ததன் பயனாக, குருக்களுக்காக மன்றாடுவது ஏன் தேவை என்பது தனக்கு நன்றாக விளங்கிற்று என்று தெரேசா பிற்காலத்தில் எழுதினார். இவ்வரிகளைப் படிக்கும்போதெல்லாம் நமக்குச் சற்றே கூச்சமாக இருக்கும். இரயில் பெட்டியிலும் உணவு மேசையிலும் நம்மை யார் யார் உற்று நோக்குகிறார்களோ!

உரோமையை அடையுமுன்பே சகோதரிகள் தங்கள் போக்கைக் காட்டிவிட்டனர். மிலான் பேராலயத்தில் ஆயரின் பின்னாலேயே ஒட்டிச் சென்று விளக்கங்களையெல்லாம் கேட்டனர். பின்னர் கூரைமேல் ஏறினர். முதல் கோபுரத்திலேயே பல சீமாட்டிகள் தலைசுற்றி முகத்தைப் பொத்திக் கொண்டனர். இவர்கள் இருவரும் பளிங்குக் கோபுரத்தின் உச்சிவரை ஏறி, கீழே எறும்புக் கூட்டம் போலக் கிடந்த நகரைப் பார்த்துக் களித்தனர். அதே ஊரின் கல்லறைத் தோட்டத்தில் பளிங்குச் சிலைகளைக் கண்டு அவர்கள் வியந்து பேசியபோது, கூட்டத்திலிருந்த முதியவர் ஒருவர் முகம் சுளித்தார். வண்டி சரியில்லை, விடுதி சரியில்லை, ஊர் சரியில்லை என்று வழிநெடுகக் குறை சொல்லி வந்தவர் அவர். திருப்பயணம் ஒன்றுக்கு இத்தகைய முதியவர் ஒருவர் எப்படியோ வாய்த்துவிடுகிறார். பிரெஞ்சுக் கூட்டத்திற்கும் அந்தப் பேறு கிட்டியிருக்கிறது. லூயிஸ் மார்ட்டினோ எங்கும் எதிலும் நிறைவு கண்டவர். தம் இடத்தைக்கூட அந்த முதியவருக்கு விட்டுக்கொடுக்க ஆயத்தமாயிருந்தார்.

பொலோஞ்ஞாவில் நேர்ந்தது விளையாட்டன்று. அது பல்கலைக்கழக நகரம். இரயில் நிலையத்தில் மாணவர் கூட்டம் நெருக்கியடித்து நின்றது. அவர்களில் ஒருவன் எதிர்பாராத வகையில் தெரேசாவைக் கைகளில் தூக்கிக்கொண்டு சில அடிகள் சென்றுவிட்டான் என்று செலின் பிற்காலத்தில் விளக்கியிருக்கிறார். சிறுமியின் பார்வையைக் கண்டதும் அவன் வெட்கி விட்டுவிட்டான். அந்த ஊரைத் தனக்குப் பிடிக்கவில்லை என்று மட்டுமே தெரேசா எழுதி, நிகழ்ந்ததை ஒரு சொல்லில் தொட்டுவிட்டு நகர்கிறார். வெளியூரில் பெண்பிள்ளைகள் படும் பாடு எக்காலத்திலும் எந்நாட்டிலும் ஒன்றுதான் போலும். வீட்டுக்கு எழுதும் மடலில் அது ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. உடன் சென்ற அக்காளுக்கு மட்டுமே முழுவதும் தெரியும்.

நவம்பர் 13-ஆம் நாள் இரவு. இரயிலில் உறங்கிப் போயிருந்தனர். உரோமை, உரோமை என்று நிலையத்துப் பணியாளர்கள் கூவிய குரல் கேட்டு விழித்தனர். கனவன்று, வந்தே விட்டார்கள்.

அவர்கள் வந்தது எத்தகைய உரோமை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். 1870-ஆம் ஆண்டு செப்டம்பர் 20-ஆம் நாள் இத்தாலியப் படைகள் மதிலைப் பிளந்து நகருக்குள் நுழைந்து பதினேழு ஆண்டுகளே ஆகியிருந்தன. திருத்தந்தை வத்திக்கானை விட்டு வெளியே வருவதில்லை. நகரோ புதிய அரசின் தலைநகராகி, பழைய தோட்டங்களையும் வயல்களையும் அழித்துக் கட்டடம் கட்டிக்கொண்டிருந்தது. தொல்பொருள் ஆய்வாளர்கள் ஒருபுறம் தோண்டினர். கொத்தனார்கள் மறுபுறம் தோண்டினர்.

தோண்டப்பட்ட இடங்களில் ஒன்றே கொலோசேயம். கி.பி. 80-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட இந்த வட்டரங்கு 188 மீட்டர் நீளமும் 156 மீட்டர் அகலமும் உடையது. 18-ஆம் நூற்றாண்டில் திருத்தந்தை பதினான்காம் ஆசீர்வாதப்பர் அதனுள் சிலுவைப்பாதை நிலைகளை நிறுவச் செய்து, அதைச் செபத்திற்குரிய இடமாக்கியிருந்தார். 1874-ஆம் ஆண்டில் அரசின் ஆய்வாளர்கள் அந்நிலைகளையும் நடுவிலிருந்த சிலுவையையும் அகற்றிவிட்டு அரங்கின் தரையைத் தோண்டினர். எனவே 1887-இல் திருப்பயணிகள் கண்டது ஆழமான பள்ளமும் கற்குவியலுமே. கீழே இறங்குவதற்கு அனுமதியில்லை. தடுப்புக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

கூட்டத்தினர் அவ்வாறே எட்டிப் பார்த்தனர். வழிகாட்டி, சிலுவை வடிவில் கல் பாவிய ஓர் இடம் கீழே இருப்பதாகவும், வேதசாட்சிகள் போராடி உயிர்நீத்த இடம் அதுவே என்றும் கூறினார். அதைக் காதில் வாங்கியவள் செலின். வேண்டியது எது என்று எண்ணிப் பார்த்தவள் தெரேசா. உரோமைக்கு வந்தும் அம்மண்ணை முத்தமிடாமல் திரும்புவதா? அவளது கண்கள் தடுப்பை ஒட்டி ஓடின. ஓரிடத்தில் கற்கள் சரிந்து படிபோலக் கிடந்தன. அக்காளை வரும்படி அழைத்துவிட்டுத் தாவி இறங்கிவிட்டாள். செலினும் பின்னாலேயே இறங்கினாள். காலடியில் சுண்ணாம்பும் கல்லும் பொடிந்து சரிந்தன. மேலே நின்ற தந்தை திகைத்துப் போய்க் கூப்பிட்டார். போர்முனையில் படைத்தலைவரின் குரல் கேளாத வீரர்களைப் போல் இவர்கள் போய்க்கொண்டே இருந்தனர். சிலுவை வடிவக் கற்களைச் செலின் கண்டுபிடித்தாள். இருவரும் முழந்தாளிட்டு மண்ணை முத்தமிட்டனர். தானும் இயேசுவுக்காக வேதசாட்சியாக வேண்டுமென்று தெரேசா மன்றாடினாள். நினைவாகச் சில கற்களைப் பொறுக்கிக்கொண்டு, இறங்கிய ஆபத்தான வழியாகவே மேலே ஏறி வந்தனர்.

மகள்கள் இருவரின் முகங்களும் மலர்ந்திருந்ததைக் கண்ட தந்தையால் கடிந்துகொள்ள முடியவில்லை. உள்ளூர அவர் பெருமையே கொண்டார் என்று மகள் எழுதுகிறாள். கூட்டத்தில் மற்றெவரும் இவர்களைக் காணோமென்று கவனிக்கவே இல்லை. அவர்கள் தொலைவில் வளைவுகளின் சிற்பங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தனர்.

கொலோசேயத்தினுள் கிறிஸ்தவர்கள் வேதசாட்சியாக மரித்தனர் என்பதற்கு அக்காலத்துச் சான்றுகள் மிகக் குறைவு என்று வரலாற்று அறிஞர் பலர் இன்று கூறுவர். அதை மறைக்க வேண்டியதில்லை. உரோமையின் வெவ்வேறு அரங்குகளிலும் தோட்டங்களிலும் நம் முன்னோர் பலர் உயிர்நீத்தனர் என்பதில் ஐயமில்லை. நடுவிலிருந்து அகற்றப்பட்ட சிலுவைக்குப் பதிலாக 1926-இல் புதிய சிலுவை ஒன்று அரங்கின் ஓரத்தில் நாட்டப்பட்டது. அரங்கின் அடித்தளப் பாதைகள் செப்பனிடப்பட்டு 2021-ஆம் ஆண்டில் பார்வையாளர்களுக்குத் திறக்கப்பட்டன. இன்று சீட்டு வாங்கிக்கொண்டு முறையாகவே கீழே இறங்கலாம். கல் பொறுக்குவது மட்டும் கூடாது. காவலர் பிடித்தால் அபராதம் உண்டு.

சுரங்கக் கல்லறைகளில் நடந்ததும் இதே போன்றதே. அப்பியா சாலையருகே உள்ள புனித கலிஸ்துவின் கல்லறைகளில் புனித செசிலியம்மாள் முதலில் அடக்கம் செய்யப்பட்ட குழி உள்ளது. 821-ஆம் ஆண்டில் அவருடைய உடல் அங்கிருந்து நகருக்குள், திராஸ்தெவெரேயில் அவர் பெயரால் அமைந்த ஆலயத்திற்கு எடுத்துச் செல்லப்பட்டது. வெறுங்குழியே எஞ்சியது. மற்றவர்கள் விளக்கொளியில் நகர்ந்து சென்றபோது, செலினும் தெரேசாவும் பின்தங்கி அந்தக் குழிக்குள் இறங்கினர். அதன் மண்ணில் சிறிது அள்ளிக்கொண்டனர். அதற்கு முன் செசிலியம்மாளிடம் தெரேசாவுக்குத் தனிப்பட்ட பற்று இருந்ததில்லை. அன்றுமுதல் அவர் உற்ற தோழியாகிவிட்டார். இன்று அந்த இடத்தில், ஸ்தேபானோ மதெர்னோ என்னும் சிற்பி 1600-ஆம் ஆண்டில் செதுக்கிய புகழ்பெற்ற சிலையின் படி ஒன்று கிடத்தப்பட்டுள்ளது. ஒருக்களித்து உறங்குபவளைப் போன்ற அந்தச் சிலையின் முன் நாம் நின்றபோது, அச்சிறுமியர் இருவரும் அந்தக் குறுகிய இடத்தில் எவ்வாறு உடன் நுழைந்திருப்பர் என்றே எண்ணிக்கொண்டிருந்தோம். வழிகாட்டி சொன்னதில் பாதி காதில் விழவில்லை.

நொமெந்தானா சாலையில் உள்ள புனித அக்னேஸ் ஆலயத்தில் வேறொரு கதை. மடத்தில் பவுலின் ஏற்றிருந்த பெயர் இயேசுவின் ஆக்னஸ் என்பது. எனவே அக்காளுக்குப் பாதுகாவலியின் திருப்பண்டம் ஒன்று கொண்டுபோக வேண்டுமென்று தங்கை விரும்பினாள். கேட்டுப் பார்த்தாள், கிடைக்கவில்லை. அவ்வேளையில் பழமையான கல்லோவியத்திலிருந்து சிறிய சிவப்புக் கல் ஒன்று தானே கழன்று அவளருகில் விழுந்தது. மனிதர் கொடுக்க மறுத்ததைப் புனிதையே கொடுத்தார் என்று எடுத்துக்கொண்டாள். ஊருக்குத் திரும்புகிறவர்கள் கடையில் வாங்கிய பொருளைக் கொடுப்பதற்கும், இத்தகைய ஒரு கல்லைக் கொடுப்பதற்கும் உள்ள வேற்றுமை அக்காள் தங்கைகளுக்குத் தெரியும்.

எருசலேமின் திருச்சிலுவை ஆலயத்தில் ஆண்டவர் சிலுவையின் துண்டுகளும், முட்கள் இரண்டும், ஆணி ஒன்றும் காட்டப்பட்டன. அங்கும் கடைசிவரை நின்றவள் தெரேசா. முதிய துறவி பேழையைப் பீடத்திற்குத் திருப்பிக் கொண்டுபோக முற்பட்டபோது, தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டாள். இயலாது என்று எண்ணியவராய் அவர் தலையசைத்தார். அவளோ பேழையின் துளை ஒன்றில் சுண்டுவிரலை நுழைத்து, ஆண்டவரின் இரத்தம் தோய்ந்த ஆணியைத் தொட்டுவிட்டாள். இன்று அத்திருப்பண்டங்கள் அதே ஆலயத்தின் தனிச் சிற்றாலயத்தில் கண்ணாடிக்குப் பின்னால் உள்ளன. சுண்டுவிரலுக்கு வழியில்லை.

உரோமையில் பெண்கள்பால் காட்டப்பட்ட கெடுபிடி அவளுக்கு ஆறவே இல்லை. இங்கே நுழையாதே, அங்கே நுழையாதே, நுழைந்தால் திருச்சபைக்குப் புறம்பாவாய் என்று அடிக்கொரு தரம் தடுத்தனராம். துறவற மடங்களின் உள்வளாகத்தில் பெண்கள் கால் வைத்தால் அக்காலச் சட்டப்படி அந்தத் தண்டனை உண்டு. இருந்தும் ஒருநாள் கார்மேல் துறவியர் மடம் ஒன்றில், வெளித்தாழ்வாரத்தோடு நிற்கச் சொன்ன கூட்டத்தை விட்டு அவள் உள்முற்றத்திற்குள் சென்றுவிட்டாள். தொலைவில் முதிய துறவி ஒருவர் வந்தார். வெளியே போகுமாறு சைகை செய்தார். போவதற்குப் பதிலாக அவரிடமே நெருங்கிச் சென்று, சுவரோவியங்களைக் காட்டி, அழகாயிருக்கின்றன என்று சைகையாலேயே தெரிவித்தாள். மொழி தெரியாத ஊரில் இதைவிடச் சிறந்த மறுமொழி உண்டா? முதுகில் தொங்கிய கூந்தலைக் கண்டு, இது குழந்தை என்று தெளிந்த துறவி புன்னகைத்துவிட்டு அப்பால் சென்றார். ஆயரிடம் கொண்டையால் ஆகாதது துறவியிடம் தொங்கிய கூந்தலால் ஆயிற்று. பெண்கள் இத்துணை தடுக்கப்பட்ட போதிலும், ஆண்டவரின் பாடுகளின்போது சீடர்களைவிட அதிகத் துணிவோடு நின்றவர்கள் பெண்களே என்று அவள் நினைவூட்டுகிறாள். மறுத்துச் சொல்ல நம்மிடம் ஒன்றுமில்லை.

ஆறு நாட்கள் இவ்வாறு கழிந்தன. ஏழாம் நாள், நவம்பர் 20, ஞாயிற்றுக்கிழமை. அன்று உரோமையில் மழை கொட்டியது. பெண்கள் கறுப்பு ஆடை அணிந்து, கறுப்புப் பின்னல் முக்காடிட்டு, திருத்தந்தையின் பதக்கத்தை மார்பில் பூண்டு வத்திக்கானுக்குச் சென்றனர். திருத்தந்தையின் திருப்பலியில் பங்கு கொண்டபின் ஒவ்வொருவராக அவர் முன் முழந்தாளிட்டு ஆசீர் பெறும் முறை தொடங்கிற்று. முதிர்ந்த வயதினரான திருத்தந்தையைக் களைப்புறச் செய்யலாகாது என்று, மறைமாவட்ட முதன்மைக் குரு ரெவெரோனி, யாரும் அவரிடம் பேசவே கூடாது என்று உரக்க அறிவித்தார். பேச வேண்டும் என்பதற்காகவே ஆயிரக்கணக்கான கல் கடந்து வந்த சிறுமியின் நெஞ்சம் அடித்துக்கொண்டது. திரும்பி அக்காளைப் பார்த்தாள்.

இங்கேதான் செலினின் உள்ளத்தைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். மற்ற மூவரும் போய்விட்டனர். இந்தத் தங்கையும் போனால் அவளுக்குத் துணையாக வீட்டில் இருப்பவர் முதிய தந்தை ஒருவரே. கொலோசேயத்திலும் செசிலியம்மாளின் குழியிலும் தன்னோடு இறங்கியவள் இனிக் கம்பிக் கதவின் மறுபுறத்தில்தான் இருப்பாள். பேசாமல் இருந்துவிடு என்று கண்ணால் காட்டியிருந்தால் போதும்; முதன்மைக் குருவின் கட்டளையும் அதுவே; பழி யார்மேலும் இல்லை. ஆனால் செலின் பேசும்படி சொன்னாள்.

தெரேசா முழந்தாளிட்டாள். கண்களில் நீர் மல்க, பொன்விழாவை முன்னிட்டுத் தான் பதினைந்து வயதில் கார்மேலில் நுழைய அனுமதிக்குமாறு கேட்டாள். திருத்தந்தைக்குச் சரியாக விளங்கவில்லை. அருகில் நின்ற ரெவெரோனி, இப்பெண் கேட்பதை மேலதிகாரிகள் ஆராய்ந்து வருகின்றனர் என்று சற்றுச் சினத்தோடு விளக்கினார். அவர்கள் சொல்வதைச் செய் என்றார் திருத்தந்தை. அவள் எழவில்லை. அவருடைய முழங்கால்களின்மேல் கைகளைக் கூப்பி வைத்து, தாங்கள் இசைந்தால் அனைவரும் இசைவர் என்றாள். அவர் அவளை உற்று நோக்கி, இறைவன் விரும்பினால் நுழைவாய் என்றார். அவள் மேலும் பேச முயன்றபோது காவலர் இருவரும் ரெவெரோனியுமாகச் சேர்ந்து கைகளைப் பற்றித் தூக்கி அவளை அப்புறப்படுத்த வேண்டியதாயிற்று. அடுத்து வந்த செலின் அக்காட்சியைக் கண்டும் அஞ்சாமல், கார்மேல் மடத்திற்காக ஓர் ஆசீர் கேட்டாள். அம்மடம் முன்னரே ஆசீர்வதிக்கப்பட்டது என்று முதன்மைக் குரு வெடுக்கென்று கூறினார். ஆம், முன்னரே ஆசீர் பெற்றது என்று திருத்தந்தையும் கனிவோடு சொன்னார். ஒரே நாளில், ஒரே வீட்டுப் பெண்கள் இருவர், பேசக் கூடாத இடத்தில் பேசியாயிற்று! ரெவெரோனியின் நிலையில் நம்மை வைத்துப் பார்க்கும்போது அவர்பாலும் இரக்கம் பிறக்கிறது.

வெளியே வந்த தெரேசா அழுதாள். தந்தையும் கலங்கினார். சில நாட்களில் பாரிஸ் நாளிதழான லூனிவேர், பயணிகளிடையே பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி துறவு மடம் புக அனுமதி கேட்டதாகவும், பொறுமையாக இருக்குமாறு திருத்தந்தை கூறியதாகவும் செய்தி வெளியிட்டது. எவருக்கும் தெரியாமல் காக்கப்பட்டு வந்த குடும்ப விவகாரம் நாடெங்கும் படிக்கப்பட்டது.

ஆனாலும் வண்டிகள் புறப்பட்டுக்கொண்டுதான் இருந்தன. மறுநாள் நேப்பிள்ஸ், பொம்பேய். வெசூவியஸ் எரிமலை அன்று முழக்கமிட்டுப் புகை கக்கிக்கொண்டிருந்தது. பின்னர் அசிசி நகர். அங்கே புனித கிளாராவின் மடத்தில் தெரேசாவின் இடுப்புக் கச்சையின் கொளுக்கி எங்கோ கழன்று விழுந்தது. தேடி எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே வந்தால், எல்லா வண்டிகளும் போய்விட்டன. எஞ்சியிருந்தது ஒன்றே ஒன்று. அது ரெவெரோனியின் வண்டி! வேறு வழியில்லை. பெரிய மனிதர்கள் நடுவே, அவருக்கு நேர் எதிரே, பொறியில் சிக்கிய அணிலைப் போல் உட்கார்ந்தாள். ஆனால் முதன்மைக் குரு அன்று அன்போடு பேசினார். கார்மேலைப் பற்றியும் பேசினார். இரயில் நிலையம் நெருங்கியதும் பெரியவர்கள் வண்டிக்காரனுக்குக் கொடுக்கப் பணப்பைகளை எடுத்தனர். அவளும் தன் சின்னஞ்சிறு பையைத் திறந்தாள். அவளுடைய சில்லறையை எடுக்க விடாமல், இருவருக்குமாகத் தாமே பெரிய நாணயம் ஒன்றைக் கொடுத்தார் ரெவெரோனி. பின்னொரு நாள் அவர் அருகில் அமர நேர்ந்தபோது, தம்மால் இயன்றதைச் செய்வதாக வாக்களித்தார்.

டிசம்பர் 2-ஆம் நாள் லிசியே திரும்பினர். புத்தாண்டு நாளன்று, ஆயர் இசைவு தந்த செய்தி அவளை எட்டியது. 1888-ஆம் ஆண்டு ஏப்ரல் 9-ஆம் நாள் அவள் கார்மேலில் நுழைந்தாள். அச்சகோதரிகள் இருவரும் சேர்ந்து மேற்கொண்ட அயல்நாட்டுப் பயணம் அது ஒன்றே.

செலின் வீட்டில் தங்கினாள். தந்தையை மறதி நோய் பற்றியது. மூன்றாண்டுகளுக்கு மேல் கான் நகரின் மனநோய் மருத்துவமனையில் அவர் இருக்க வேண்டியதாயிற்று. இறுதிவரை உடனிருந்து பேணியவள் அவளே. 1894 ஜூலையில் தந்தை இறந்தபின், அவ்வாண்டு செப்டம்பரில் அவளும் கார்மேலில் சேர்ந்தாள். நிழற்படக் கருவி ஒன்றையும் உடன் எடுத்துச் சென்றாள். இன்று உலகம் காணும் தெரேசாவின் மடத்துப் படங்களில் பெரும்பாலானவை அக்காள் எடுத்தவை. மூன்றாண்டுகளே சேர்ந்திருந்தனர், 1897 செப்டம்பர் 30-ஆம் நாள், 24 வயதில், தங்கை மறைந்தாள்.

1925 மே 17-ஆம் நாள் திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதர் புனித இராயப்பர் பேராலயத்தில் தெரேசாவைப் புனிதையாக அறிவித்தபோது, உரோமை நகரம் விளக்கொளியில் மிதந்தது. செலின் அப்போது லிசியேயின் மடத்தில், கம்பிக் கதவுக்குள் இருந்தார். அவர் 1959 பிப்ரவரிவரை, ஏறத்தாழத் தொண்ணூறு வயதுவரை வாழ்ந்தார். உரோமைக்கு மீண்டும் செல்லவில்லை.